25 பேருக்கு ஒருத்தி

திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான ஆடைத் தொழிற்சாலையிலும் நூற்பாலையிலும் 2022இல் ஒரு புதுப் பொறுப்பு பிறந்தது. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. அந்த ஒருவர் வெளியிலிருந்து வருவதில்லை. அதே வரிசையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிற பெண்களில் ஒருத்தி. தொழிற்சங்கம் அவருக்குப் பயிற்சி கொடுக்கிறது. பக்கத்தில் இருப்பவள் சீண்டப்படுகிறாளா, மிரட்டப்படுகிறாளா, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்படுகிறாளா என்று கவனிப்பதும், கவனித்ததை மறைக்காமல் எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. சொன்னதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பழிவாங்கினால் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டருக்கே ஆபத்து. இதையெல்லாம் எழுதிவைத்த திண்டுக்கல் ஒப்பந்தத்தில் இவருக்கு ஷாப் ஃப்ளோர் மானிட்டர் என்று பெயர்.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு திண்டுக்கல் கதையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எந்தக் கொடுமைக்காக அந்தப் பொறுப்பு உண்டாக்கப்பட்டதோ, அந்தக் கொடுமை நம் ஊரிலும் இருக்கிறது. அதற்கு அங்கே கண்டுபிடித்த மருந்து மட்டும் இங்கே வந்து சேரவில்லை.

பம்மத்திலிருந்து வெட்டுமணி வரை நீளும் மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், ஆஸ்பத்திரிகள். ஊருக்கு வெளியே கருங்கல், புதுக்கடை, அருமனை என்று எந்த வழியில் போனாலும் அண்டி ஆபீஸ்கள். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் ஆலைகளை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொத்துப்போகச் செய்யும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள். இந்த இடங்களிலெல்லாம் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சாயங்காலம் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அவர்கள் பேச்சு காதில் விழும். கூலி, சீட்டு, பிள்ளைகளின் பரீட்சை. நடுவே குரலைத் தாழ்த்தி ஒரு வாக்கியம் வரும். "அவகிட்ட ஆரும் மிண்டாண்டாம்." அவளோடு யாரும் பேச வேண்டாம் என்று பொருள்.

அந்த வாக்கியத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் துன்புறுத்தப்படுகிறாள் என்றால் நம் மனத்தில் ஒரு சூப்பர்வைசர் முகம் வருகிறது. கெட்ட பார்வை, கெட்ட பேச்சு, தேவையில்லாமல் தோளில் விழும் கை. அது உண்மைதான். ஆனால் அந்த ஒருவனால் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. அவனைச் சுற்றி மற்றவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவள் வாயைத் திறந்த மறுநாளே அவளோடு பேசாமல் இருக்க நாலு பேர் வேண்டும். அவளுக்கு ஒழுக்கம் சரியில்லை என்று சொல்ல இன்னும் இரண்டு பேர். அவள் எழுதிய புகாரில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர்கூட முன்வராமல் இருக்க வேண்டும். இத்தனையும் கூடினால்தான் ஒரு பெண் வேலையை விட்டு ஓடுவாள்.

இந்த நாலு பேரும் பிறவியிலேயே கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. வேலை அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் ஒரு சட்டையை ஒருவர் தைப்பதில்லை. ஒருத்தி காலர் வைப்பாள், அடுத்தவள் கை சேர்ப்பாள், அதற்கடுத்தவள் பொத்தான் வைப்பாள். மணிக்கு இத்தனை பீஸ் என்று மொத்த வரிசைக்கும் டார்கெட். நடுவில் ஒருத்தி தாமதித்தால் அவளுக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் திட்டு. மாதவிலக்கு வலியில் ஒருத்தி கழிவறைக்குப் போய் வந்தாலும் டார்கெட் குறையும், திட்டு வரிசை முழுவதற்கும் விழும். சூப்பர்வைசர் மேல் வரவேண்டிய கோபம் பக்கத்து மெஷின்காரி மேல் திரும்பிவிடுகிறது. சூப்பர்வைசருக்குப் பிடிக்காதவள் யார் என்று தெரிந்துவிட்டால் அவளோடு ஒட்டாமல் இருப்பதுதான் பத்திரம் என்ற கணக்கும் பிறந்துவிடுகிறது. ஜவுளிக்கடையில் டார்கெட்டின் இடத்தில் விற்பனை இருக்கிறது. அண்டி ஆபீஸில் கிலோ இருக்கிறது. உடைத்த கிலோவுக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவளுக்கு, எந்தக் கொட்டையைத் தனக்கு அள்ளிப் போடுகிறார்கள், யார் எடை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் சோற்றுப் பிரச்சினை. எடை பார்க்கிறவரைப் பகைத்துக்கொண்ட தோழியிடம் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் பிறந்து சுவீடனில் குடியேறிய ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் இதைத்தான் 1980களில் ஆராய்ந்தார். உடன் வேலை செய்கிறவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒருவரை வதைப்பது எப்படி நடக்கிறது என்று 45 செயல்களைப் பட்டியலிட்டார். பேச்சை இடைமறிப்பது, அந்த ஆள் அங்கே இல்லாததுபோல நடந்துகொள்வது, முதுகுக்குப் பின்னால் கதை கட்டுவது, நடையையும் குரலையும் கேலி செய்வது, பயனற்ற வேலைகளாகப் பார்த்துக் கொடுப்பது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவுமே புகார் கொடுக்கும்படியான குற்றமாகத் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்து நடந்தால் அது வதை என்று அவர் கோடு போட்டார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வதைக்கப்பட்டவர்கள் எரிச்சல்காரர்களாக, சந்தேகப் பிராணிகளாக மாறிவிடுகிறார்கள். மற்றவர்கள் அதைக் காட்டி "அவள் குணமே அப்படி, அதனால்தான் யாரும் சேர்வதில்லை" என்கிறார்கள். அந்தக் குணம் வதைக்குக் காரணமல்ல, வதையின் விளைவு என்றார் லேமன். 1993இல் சுவீடன் இதற்கென்றே தொழிலிட விதிகளை வெளியிட்டது. இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டம் இன்றுவரை கிடையாது. பாலியல் துன்புறுத்தல் என்றால் சட்டம் உண்டு. பாலியல் சாயல் இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து ஒருத்தியை ஒதுக்கி வைத்தால் அதற்கென்று ஒரு சட்டத்தின் கதவும் கிடையாது.

உழைத்துப் பிழைக்கும் பெண்ணைக் கும்பலாகச் சேர்ந்து அவமானப்படுத்துவது இந்த மண்ணில் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் மேலாடை அணிந்து சந்தைக்கும் தெருவுக்கும் வந்த நாடார் பெண்களின் ஆடையைக் கூட்டமாக நின்று கிழித்தார்கள். பனங்கருப்பட்டியும் காய்கறியும் விற்கவந்த பெண்ணுக்குச் சந்தைதானே வேலையிடம்? 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் பிறப்பித்த ஆணை மேலாடைக்கு அனுமதி தந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் கூடவே வைத்தது. அந்தப் போராட்டத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். மேடைகளில் பேசுகிறோம். அதே வட்டாரத்தில் இன்றைக்கு ஒரு கடைப்பெண்ணைச் சுற்றி நின்று அழவைக்கிறபோது அந்தப் பெருமை எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

திண்டுக்கல் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு தாய்வீடு உண்டு. ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமம். பன்வாரி தேவி என்பவர் மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளர். குயவர் சமூகம். 1992இல், ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் பார்த்தார். அது அவருடைய வேலை. ஊர் அவரைத் தள்ளி வைத்தது. அவர் செய்த பானைகளை வாங்க மறுத்தார்கள். அவருக்குப் பால் விற்க மறுத்தார்கள். அதற்கப்புறம், செப்டம்பர் 22 அன்று, கணவர் கண்ணெதிரே அவரைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒதுக்கிவைத்தல், பிறகுதான் தாக்குதல். 1995இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலையைச் செய்ததற்காகத்தானே இவருக்கு இந்தக் கதி, வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பே இல்லையா என்று விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் அமர்வு தந்த தீர்ப்பில் புகார்க் குழு பிறந்தது. பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களோடு, வெளியாள் ஒருவரையும் சேர்த்து ஒவ்வொரு வேலையிடத்திலும் குழு. 16 ஆண்டுகள் கழித்து, 2013இல், அது சட்டமானது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். 10 பேருக்குக் குறைந்த இடத்துப் பெண்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு.

பெரிய சாதனை அது. ஆனால் அதில் ஒரு ஓட்டை. குழுவை அமைப்பவர் முதலாளி. உறுப்பினர்கள் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். புகார் கொடுக்கும் பெண்ணோ தனியாக எழுந்து, மெஷினை விட்டு, எல்லோர் பார்வையும் முதுகில் விழ, அந்த அறை வரைக்கும் நடந்துபோக வேண்டும். அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று சட்டம் விரிவாகப் பேசுகிறது. அந்த நடையின்போது அவள் கூட யார் வருவார் என்று பேசவில்லை.

2021இன் முதல் இரண்டு மாதங்கள் தமிழ்நாட்டுக்கு இதைக் கொடூரமாகக் காட்டின. ஜனவரி 5 அன்று திண்டுக்கல் மாவட்டத்தில் ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற இளம்பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. நான்கு நாள் முன்பு காணாமல் போயிருந்தார். தலித் குடும்பம். படித்துக்கொண்டே, எச் அண்டு எம் முதலிய பிராண்டுகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்த, ஈஸ்ட்மேனுக்குச் சொந்தமான நாச்சி அப்பேரலில் வேலை செய்தவர். அதே தொழிற்சாலையின் சூப்பர்வைசர் ஒருவர் கொலைக் குற்றத்துக்காகக் கைதானார். தொழிற்சாலையில் தொந்தரவு இருந்ததாக ஜெயஸ்ரீ வீட்டில் சொல்லியிருந்தார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவர் இறந்த பிறகு உடன் வேலை செய்த பெண்கள் பலர் தங்களுக்கும் நடந்ததைச் சங்கத்திடம் சொல்ல முன்வந்தார்கள். இறந்த பிறகு. சட்டப்படி ஏழு ஆண்டுகளாகக் குழு இருந்திருக்க வேண்டிய நாட்டில், ஒரு பிணத்தைப் பார்த்த பிறகுதான் பெண்களுக்குப் பேச வாய் வந்தது.

அடுத்த மாதமே இன்னொன்று. தமிழகக் காவல்துறையின் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று புகார் கொடுக்க ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி காரில் சென்னைக்குப் புறப்பட்டார். செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் அவர் காரைப் போலீஸ் படையே மறித்தது. மறித்தவர் அந்த மாவட்டத்தின் எஸ்.பி.; அதாவது உடன் பணிபுரியும் அதிகாரி. புகார் போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. 2023 ஜூன் மாதம் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. வழிமறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம்.

500 ரூபாய். மார்த்தாண்டத்தில் ஒரு சாதாரணச் சேலை எடுக்கலாம். மறிப்பவர்களின் குற்றத்தை நம் அமைப்பு எத்தனை சிறிதாக எடை போடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. தையல் மெஷினில் இருந்த தலித் பெண்ணும் காக்கிச் சீருடையில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரியும் ஏணியின் இரண்டு முனைகள். ஆனால் அதிகாரிக்குப் படிப்பும் பதவியும் ஊடக வெளிச்சமும் இருந்தன. அப்படியிருந்தும் வழியில் மறிக்க ஆட்கள் கிடைத்தார்கள். ஜெயஸ்ரீக்கு அதில் எதுவுமே இல்லை.

திண்டுக்கல்லில் அப்போது ஒரு சங்கம் இருந்தது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், சுருக்கமாக டி.டி.சி.யூ. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்துவது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவர் திவ்ய ராகிணி. பெண்களைத் தேடி ஊர் ஊராகப் போய்ப் பேசி வளர்ந்த சங்கம். திருமணத்துக்குப் பணம் சேரும் என்று ஆசைகாட்டி இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் ஆலை விடுதிகளில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் ஓடிய வட்டாரம் அது. விடுதி வாசலைத் தாண்டி உள்ளே போகவே சங்கத்துக்கு அனுமதி கிடைக்காத காலத்தைப் பார்த்தவர்கள். ஜெயஸ்ரீயின் குடும்பத்துக்குப் பக்கத்தில் அவர்கள்தான் நின்றார்கள்.

ஒருவனைத் தூக்கில் போட்டால் போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கொலை செய்தவன் சிறைக்குப் போனாலும் அந்த நாற்காலியில் நாளை இன்னொருவன் உட்காருவான். வரிசையும் டார்கெட்டும் பயமும் அப்படியே இருக்கும். அதனால் தொழிற்சாலையையும் அதற்கு ஆர்டர் கொடுக்கிறவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் அமெரிக்காவிலுள்ள குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் கூடச் சேர்ந்தன. ஜெயஸ்ரீக்கு நீதி என்ற பெயரில் ஓராண்டுக்கும் மேல் இயக்கம் நடந்தது.

கேட்பதற்கு முன்மாதிரிகள் இருந்தன. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பிராண்டுகள் வெறும் வாக்குறுதி தந்தால் போதாது, சட்டப்படி கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்ற முறை அங்கே வந்தது. 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில், ஜீன்ஸ் தைக்கும் பெண்களிடம் வேலையைக் காட்டி மேலாளர்கள் பாலுறவு கேட்டது அம்பலமானபோது, லீவைஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் அதே வழியில் பாலியல் வன்முறைக்கு எதிராக ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வேலை உலகில் வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிக்கும் 190ஆம் எண் உடன்பாட்டை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

2022 ஏப்ரல் மாதம் திண்டுக்கல் ஒப்பந்தம் வெளியானது. ஈஸ்ட்மேனும் டி.டி.சி.யூ.வும் ஒரு பக்கம். எச் அண்டு எம் ஒரு பக்கம். பின்னர் கேப் நிறுவனமும் பி.வி.எச். நிறுவனமும் சேர்ந்தன. பாலினத்தின் பேரில் நடக்கும் வன்முறைக்கு எதிராக ஆசியாவில் பிராண்டுகளைக் கட்டுப்படுத்திய முதல் ஒப்பந்தம் இது. தையல் பிரிவோடு நிற்காமல் நூற்பாலையையும் உள்ளே கொண்டுவந்தது. சாதி, இடம்பெயர்ந்து வந்தவர் என்ற நிலை ஆகியவற்றின் பேரில் காட்டும் பாகுபாட்டையும் சேர்த்துத் தடை செய்தது. பாலினத் துன்புறுத்தலைப் பற்றிய உலக ஒப்பந்தம் ஒன்றில் சாதி என்ற சொல் ஏறியது சாதாரண விஷயமில்லை. திண்டுக்கல் பெண்கள் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்ததால் வந்த சொல் அது. லண்டனிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்து எழுதியிருந்தால் வந்திருக்காது.

ஒப்பந்தத்தில் பயிற்சி உண்டு, சுயேச்சையான விசாரணை ஏற்பாடு உண்டு, புகார்க் குழுவைப் பலப்படுத்தும் பகுதி உண்டு. அதையெல்லாம் நான் வேகமாகக் கடந்துபோகிறேன். உயிர்நாடி என்று எனக்குப் படுவது அந்த 25 பேருக்கு ஒருத்தி. ஏனென்றால் இதுவரை வந்த எல்லா ஏற்பாடுகளும் பாதிக்கப்பட்டவளையும் துன்புறுத்தியவனையும் மட்டும்தான் பார்த்தன. இது முதன்முறையாகப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தது. பார்த்தும் பார்க்காததுபோல இருப்பதுதான் இதுவரை அவளுக்குப் பாதுகாப்பு. பார்த்ததைச் சொல்வதையே அவளுடைய பொறுப்பாக்கி, சொன்னால் பாதுகாப்பும் கொடுத்தால் கணக்கு தலைகீழாகிறது. "உனக்கு எதுக்கு பிள்ளே வம்பு" என்று அவளிடம் யாரும் சொல்ல முடியாது. அது அவள் பொறுப்பு. சங்கம் கொடுத்த பொறுப்பு. எந்த உடன்பணியாளர் கூட்டத்தை வைத்து ஒரு பெண்ணைத் தனிமைப்படுத்தினார்களோ அதே கூட்டத்துக்குள்ளிருந்து அவளுக்கு ஒரு துணை வருகிறாள். புகார் அறை வரைக்குமான அந்த நடையை அவள் இனித் தனியாக நடக்க வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொலையோ வன்கொடுமையோ திடீரென்று ஒருநாள் வானத்திலிருந்து விழுவதில்லை. கத்துவதில் ஆரம்பிக்கிறது. பட்டப்பெயரில், கழிவறைக்குப் போகவிடாததில், துணியைத் தூக்கி முகத்தில் எறிவதில். கத்தலோடு நிறுத்திவிட்டால் அடுத்த படிக்குப் போகாது. மேலாளர் வரைக்கும் போகாத இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் மெஷின் ஓடும் இடத்தில்தான் கண்ணில் படும். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டுமே தெரியும். முதலாம் ஆண்டின் முடிவில் வெளியான அறிக்கையின்படி, 185 குறைகள் எழுப்பப்பட்டு அவற்றில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டன. எனக்கு அந்த 98ஐ விட 185தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பெண் சாகும்வரை வாய் திறக்க முடியாதிருந்த இடத்தில் ஓராண்டில் 185 தடவை பேசியிருக்கிறார்கள்.

குறைகள் இதில் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு குழும நிறுவனத்தின் சுமார் 5,000 தொழிலாளர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். பக்கத்து ஆலைக்குப் பொருந்தாது. வெளிநாட்டு பிராண்டு ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டால் பிடிமானமே போய்விடும். நம் நாட்டு அரசு செய்யவேண்டிய காரியத்தை ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஒரு துணிக்கம்பெனியின் கையெழுத்தை நம்பிச் செய்ய வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. இருந்தாலும் முறை இப்போது கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நம் அண்டி ஆபீஸ்களில் சி.ஐ.டி.யூ. போன்ற சங்கங்கள் கூலிக்கும் போனஸுக்கும் நீண்டகாலமாகப் போராடி வருகின்றன. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் 25 பேருக்கு ஒருத்தி என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். கொட்டை உடைக்கும் தட்டுக்கூடத்தில் ஒருத்தி, உரிக்கும் இடத்தில் ஒருத்தி, தரம் பிரிக்கும் மேசையில் ஒருத்தி. சங்கம் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாளி கைகாட்டுகிற ஆளாக இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுத்தால் புகார்க் குழுவுக்கு நேர்ந்த கதிதான் இதற்கும் நேரும்.

ஜவுளிக்கடைகளில் சங்கமே கிடையாது. அங்கே ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பிராண்டும் இல்லை. எச் அண்டு எம் இருந்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கப் போகிற குடும்பங்கள். புகார்க் குழுவை அமைத்த ஆணையையும், துன்புறுத்தினால் என்ன தண்டனை என்பதையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். இந்தத் தடவை சேலை எடுத்து முடித்து பில் போடும் இடத்தில் நிற்கும்போது, அந்த அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். சேலையை மடித்துக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டால் அவளுக்குத்தான் வம்பு. கேட்கவேண்டியது கல்லாவில் இருப்பவரை. ஒருவர் கேட்டால் சிரிப்பார். ஒரு ஆலயத்தின் பெண்கள் கூட்டத்திலிருந்தும் ஒரு மகளிர் குழுவிலிருந்தும் 25 பேர் அடுத்தடுத்துக் கேட்டால், மறுவாரம் சுவரில் காகிதம் இருக்கும். அதில் யார் யார் பெயர் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் முதலாளியின் உறவினர் என்பது அடுத்த கேள்வி.